கல்லாறு முதல் காங்கேயம் வரை: வலசைத் தடம் தேடி ஒரு மாசிப் பயணம்

பிப்ரவரி 14, வெள்ளி – கல்லாறு

மாசி இப்போதுதான் பிறந்திருக்கிறது. அதற்குள் மேட்டுப்பாளையத்தில் பதினோரு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. ஊட்டி போகிற கூட்டம் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வேர்த்து வழிந்தது. நாங்கள் மலையேறவில்லை. அடிவாரத்திலேயே கல்லாற்றில் இறங்கிவிட்டோம். கண்டக்டருக்கு மனசே வரவில்லை.

"இங்க எதுக்குங் எறங்கறீங்க? பண்ணை பூட்டிக் கெடக்குதுங்."

அவர் சொன்னது அரசு தோட்டக்கலைப் பண்ணையை. மங்குஸ்தான், துரியனுக்குப் பேர் வாங்கிய இடம். யானைத் தடத்தில் இருக்கிறது என்று விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. எங்களுக்குப் பண்ணை வேண்டாம், அந்தத் தடம்தான் வேண்டும்.

கூட வந்தவன் மச்சினன். விலங்கியல் எம்.எஸ்ஸி. மேய்ச்சல் விலங்குகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும்போது எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்பதில் அவனுக்கு ஒரு பைத்தியம். வீட்டுக்கு வந்தால் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி, அமெரிக்காவின் வயோமிங் என்றே பேசுவான். "ஏன்டா, நம்ம ஊர்ல வலசையே இல்லையா?" என்று தெரியாத்தனமாகக் கேட்டேன். பொங்கல் லீவு முடிந்த மறு மாசமே பஸ் ஏற்றிவிட்டான்.

கல்லாற்றில் நின்று பார்த்தால் சங்கதி ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். ஒரு பக்கம் ஏறவே முடியாத நீலகிரிச் சரிவு. மறுபக்கம் பாக்குத் தோப்பு, பவானி ஆறு, ஊர். நடுவில் 1899-ல் குன்னூருக்கு ஓடத் தொடங்கிய மலை ரயில், அதை ஒட்டி ஊட்டி ரோடு. கோவைக் காட்டு யானைகள் சிறுமுகை, பவானிசாகர், மாயாற்றுப் பள்ளத்தாக்கு என்று கிழக்கே போகவும் திரும்பி வரவும் இந்த இடுக்குதான். தண்டவாளத்தையும் தாண்ட வேண்டும், ரோட்டையும் தாண்ட வேண்டும்.

பாக்குத் தோப்பில் வேலை செய்துகொண்டிருந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"ராத்திரி எட்டுக்கு மேலதானுங் வரும். கெழட்டுப் பொம்பளை ஆனை ஒண்ணு முன்னால வந்து ரோட்டோரம் நின்னு பாக்கும். லாரி வெளிச்சம் போனப்பறம்தான் குட்டிகளக் கூப்புடும்."

"எப்படிங்க கூப்பிடும்? சத்தம் போடுமா?"

"அதுக கூப்புடறது நமக்குக் கேக்கோணும்னு இருக்குதாங்?"

மச்சினன் துள்ளிக் குதிக்காத குறை. 1984-ல் அமெரிக்காவில் போர்ட்லாந்து உயிரியல் பூங்காவில் ஆசிய யானைகளுக்குப் பக்கத்தில் நின்ற கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளருக்குக் காதில் ஒன்றும் விழவில்லை, ஆனால் காற்றில் ஏதோ அதிர்வது போலிருந்ததாம். அதைப் பதிவுசெய்து வேகமாக ஓட்டிக் கேட்டபோதுதான் யானைகள் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. நம் காதுக்கு எட்டும் 20 ஹெர்ட்ஸுக்கும் கீழான முனகல் அது. சில கிலோமீட்டர் தாண்டியும் போகும். அக்காவிடம் இதைச் சொன்னதற்கு, "அதத்தான நானுஞ் சொன்னேன்" என்றார்.

மத்தியானம் அவர் தூக்குப்போசியிலிருந்த அரிசிம்பருப்புச் சோற்றில் எங்களுக்கும் பங்கு. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், நடக்கவில்லை. பாக்கு மட்டையில் போட்டு, மேலே கெட்டித் தயிர். ரோட்டுக் கடையில் இளநீர் 50 ரூபாய் வாங்கினார்கள். இங்கே சோற்றுக்குக் காசு கொடுக்கப்போய்த் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

பிப்ரவரி 15, சனி – பவானிசாகர்

அணைக்குப் பக்கத்தில் மீன் வறுத்துத் தருகிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஜிலேபி மீன், ஒரு பிளேட் 120 ரூபாய். மசாலா கையில் ஒட்டிச் சிவந்திருந்தது. கடைக்கார அம்மா மச்சினனைப் பார்த்து, "முள்ளுப் பாத்துத் தின்னு கண்ணு, போனப் பாத்துத் திங்காத" என்றார். நான் சொல்ல நினைத்தது.

சாயங்காலம் பைனாகுலரில் அக்கரையைப் பார்த்தோம். தண்ணீர் இறங்கிய இடமெல்லாம் பச்சைப் புல் மேவியிருந்தது. அதில் ஏழெட்டு யானைகள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் அவை என்ன செய்கின்றன என்று பிடிபட்டது. தும்பிக்கையால் ஒரு கொத்துப் புல்லைச் சுற்றிப் பிடிக்கிறது, முன்னங்கால் நகத்தால் வேரோடு உதைத்துப் பெயர்க்கிறது, முழங்காலில் ரெண்டு தட்டுத் தட்டி மண்ணை உதறுகிறது, அப்புறம்தான் வாய்க்குப் போகிறது. ஒரு குட்டியும் அதே மாதிரி தட்டப் பார்த்தது. புல் பறந்து தண்ணீரில் விழுந்தது.

இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் 1980-களின் தொடக்கத்தில் இதே சத்தியமங்கலம், சாம்ராஜ்நகர் காடுகளில் யானைகளின் பின்னால் அலைந்தவர். மழைக்குப் பின் புல் இளசாக இருக்கும்போது யானை அதிகம் மேய்வது புல். அது முற்றி நாராகிவிட்டால் இலை, தழை, மரப்பட்டைக்கு மாறி, தண்ணீர் இருக்கிற பள்ளத்துக்கு இறங்கும் என்று எழுதினார். நம் ஊர் மழைக்கும் இதில் பங்கு உண்டு. மேற்கு மலைகளில் ஆனி, ஆடியில் கொட்டும். கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு மாசம் பச்சையாகிறது, யானை அதைக் கோத்துக்கொண்டு நடக்கிறது.

ஆனால் எங்கே, எப்போது பச்சை என்று அதற்கு யார் சொன்னார்கள்? மச்சினன் தான்சானியாவுக்குப் போய்விட்டான். 1993-ல் தரங்கிரே தேசியப் பூங்காவில் கடும் வறட்சி. ஒன்பது மாதத்தில் 81 குட்டிகளில் 16 செத்துப்போயின. வயதான பெண் யானைகள் இருந்த கூட்டங்கள் பூங்காவை விட்டே வெளியேறி எங்கோ போய்ப் பிழைத்தன. அவற்றுக்குச் சேதம் குறைவு. வெளியேறாமல் இருந்த கூட்டத்தில்தான் சாவு அதிகம். அங்கே தந்த வேட்டையில் மூத்தவை போய், இளசுகளே மிஞ்சியிருந்தன. இதற்கு முந்தைய பெரிய வறட்சி வந்தது 1958-61-ல். அதைக் குட்டிப் பருவத்தில் பார்த்தவைதான் தண்ணீர் இருக்கும் திசையைக் காட்டியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

"அப்ப அது உடம்புல பொறந்ததுலேர்ந்து இருக்கறதில்லையா?" என்று மீன்கடை அம்மா கேட்டார். இவ்வளவு நேரம் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

பிப்ரவரி 16, ஞாயிறு – திம்பம்

இன்றைக்கு ஒரு நாளையே மலை தின்றுவிட்டது.

பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தாளவாடி பஸ் ஏறினோம். 27 கொண்டை ஊசி வளைவு. பாதி மலையில் ஒரு நீள லாரி வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுத் துண்டை விரித்துப் படுத்தார். அவருடைய நிதானத்தைப் பார்த்ததுமே இது லேசில் தீராது என்று தெரிந்துவிட்டது.

ஆச்சரியம் என்னவென்றால், யாரும் கத்தவில்லை. தாளவாடிக்குப் போகிற ஒரு குடும்பம் தர்ப்பூசணியை அறுத்து பஸ் முழுக்கக் கொடுத்தது. பூண்டு மூட்டையோடு வந்த ஒரு பாட்டி, பாதி கன்னடம் பாதி தமிழில் ஊர் நியாயம் பேசினார். குரங்குகளுக்குத்தான் கொண்டாட்டம். முறுக்குப் பையை எட்டிப் பிடுங்கியது ஒன்று. அதற்குள் முறுக்கோடு மச்சினனின் சார்ஜரும் இருந்தது. முறுக்கைத் தின்றுவிட்டு சார்ஜரைக் கடித்துப் பார்த்து, பிடிக்காமல் பள்ளத்தில் வீசியது. சாயங்காலத்துக்குள் அவன் போன் செத்தது. இறக்கி வைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் அதில்.

"இனி ஞாபகத்திலிருந்துதான் சொல்லணும் மாமா."

சொன்னான். வயோமிங் மலையாட்டுக் கதை. பெரிய வளைந்த கொம்பு உள்ள காட்டு ஆடு, பனி உருகி மலைமேல் புல் துளிர்க்கத் துளிர்க்க அந்தப் பசுமையின் பின்னாலேயே ஏறும். வேட்டையாலும், வீட்டு ஆடுகளிடமிருந்து தொற்றிய நோயாலும் பல இடங்களில் அவை அழிந்துபோயின. பிறகு வேறு இடத்திலிருந்து ஆடுகளைப் பிடித்து வந்து விட்டார்கள். 2018-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, அந்த ஆடுகளின் கழுத்துப்பட்டை ஜி.பி.எஸ். தடங்களைப் பார்த்தது. காலகாலமாக அங்கேயே வாழும் மந்தைகளில் 65 முதல் 100 சதவீதம் ஆடுகள் வலசை போயின. புதிதாகக் கொண்டுவந்து விட்டவற்றில் 9 சதவீதம்கூடப் போகவில்லை. அதே இனம், அதே கால், அதே மூக்கு. மலையும் எதிரிலேயே இருக்கிறது. போகத் தெரியவில்லை. மந்தை மறுபடி வலசை பழக ஆடுகளுக்குச் சுமார் 40 வருடம், மூஸ் என்கிற பெரிய மானுக்கு 90 வருடம் வரை ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு தலைமுறை கொஞ்சம் கண்டுபிடித்து வைக்கிறது, அதன் குட்டி அம்மா பின்னால் போய் அதைக் கற்றுக்கொண்டு மேலும் கொஞ்சம் சேர்க்கிறது.

பாட்டி கேட்டுவிட்டுச் சொன்னார்: "மருமக வந்த புதுசுல கெணத்துக்கு வழி கேக்கற மாதிரி."

அந்த ஆய்வைப் படித்த யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லாரியை ஒருவழியாகப் பின்னுக்கு இழுத்து வழி விட்டபோது வெயில் சாய்ந்துவிட்டது. இந்த ரோட்டில் 2022-லிருந்து ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. எல்லாருக்கும் அந்தப் பயம் வேறு. ஆசனூருக்குக் கொஞ்சம் முன்னால் டிரைவர் மறுபடி பஸ்ஸை நிறுத்தினார். இந்தத் தடவை விளக்கையும் அணைத்தார்.

ரோட்டோரம் உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து தும்பிக்கை நுனி மட்டும் முதலில் வந்தது. மேலே தூக்கி, பஸ் பக்கம் திருப்பி, காற்றைப் பிடித்துப் பார்த்து, வாய்க்குள் கொண்டுபோனது. பிறகு யானை வந்தது. காதின் மேல் விளிம்பு நன்றாக மடிந்து தொங்கியது, பொட்டெலும்புப் பக்கம் குழி விழுந்திருந்தது. வயசாளி. ரோட்டின் நடுவில் எங்களுக்குப் பக்கவாட்டில் நின்றது. அதன் மறுபக்கமாக ரெண்டு பெண் யானைகள், நடுவில் காலோடு கால் உரச ஒரு குட்டி, கடைசியில் ஒரு விடலை. எல்லாம் தாண்டி முடிந்ததும்தான் கிழவி நகர்ந்தது.

பின்னால் பைக்கில் வந்த பையன்கள் கூவினார்கள். பாட்டி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏன்டா, உங்காத்தா ரோடு தாண்டறப்பவும் இப்பிடித்தான் கூவுவியா?" என்றார். அமைதியாகிவிட்டார்கள்.

பிப்ரவரி 17, திங்கள் – ஆசனூர், காராப்பள்ளம்

காலையில் நல்ல குளிர். மெஸ்ஸில் ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, 70 ரூபாய். களியை மென்றால் தொண்டையில் நிற்கும், குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று பக்கத்து இலைக்காரர் சொல்லிக்கொடுத்தார்.

காராப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் கரும்பு லாரிகளை யானை மறிப்பது இப்போது எல்லா போனிலும் வீடியோவாக இருக்கிறது. நாங்கள் போனபோது யானை இல்லை, சக்கைதான் கிடந்தது. டீக்கடைக்காரர் லாரி வருகிற நேரம் யானைக்கு அத்துபடி என்றார். குட்டியோடு வந்து நிற்குமாம். எனக்கு இது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை. அம்மா பின்னால் நடந்து மாயாற்றுத் தண்ணீரைக் கற்றுக்கொள்கிற அதே குட்டிதான் லாரியையும் கற்றுக்கொள்கிறது.

மச்சினனிடம் ஒரு கேள்வி கேட்டேன். எல்லாமே மூத்தவை சொல்லித்தருவது என்றால், ஒரு தடம் முழுசாக அறுந்துபோனால் அதோடு சரியா? அதற்கு நேர் எதிரான கதை ஒன்றை வைத்திருந்தான். போட்ஸ்வானாவில் 1968-ல் கால்நடை நோயைத் தடுக்க ஒரு வேலி போட்டார்கள். ஒகவாங்கோ சதுப்பு நிலத்திலிருந்து மக்கடிகடி புல்வெளிக்குப் போகிற வரிக்குதிரைகளின் வழி அடைபட்டது. 2004-ல் வேலியை எடுத்தார்கள். சில வருடத்திலேயே வரிக்குதிரைகள் பழைய வழியில் போக ஆரம்பித்துவிட்டன. 36 வருடம் வேலி இருந்தது. அதற்கு முன்னால் அந்த வழியில் நடந்த வரிக்குதிரை ஒன்றும் உயிரோடு இருந்திருக்காது.

"அப்ப உன் ஆட்டுக் கதை?"

"அதுவும் உண்மை, இதுவும் உண்மை" என்றான். மூக்கு, கண், எங்கோ இடி இடித்தால் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கிற துணிச்சல், இதெல்லாம் சேர்ந்து ஒரு வழியைத் திரும்பக் கண்டுபிடிக்க உதவும். ஆனால் 2017-ல் அதே வரிக்குதிரைகளின் பயணத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டுவதை மட்டும் வைத்து அந்தப் பயணம் சரிவரவில்லை. போய்ச் சேரும் இடத்தைப் பற்றிய பழைய நினைவையும் சேர்த்த பிறகுதான் நிஜ வரிக்குதிரை போன திசையோடு ஒத்துவந்தது. திறந்த சமவெளியில் தேடிக் கண்டுபிடிக்கலாம். கல்லாறு மாதிரி இடுக்கில் தேடிப் பார்க்க இடம் ஏது என்பது என் எண்ணம்.

பிப்ரவரி 18, செவ்வாய் – பர்கூர்

சத்தி, கோபி, அந்தியூர், அப்புறம் மறுபடி மலை. கோபி வயல்களைத் தாண்டும்போது தூங்கிவிட்டேன். தாமரைக்கரையில் எழுப்பினான்.

பர்கூர் மாட்டைப் புகைப்படத்தில் பார்ப்பது வேறு. செக்கச்செவேல் உடம்பில் வெள்ளைத் திட்டு, ஒல்லி, வெடுக்கென்ற நடை. பக்கத்தில் போனால் தலையை ஆட்டி நாலடி தள்ளிப்போகும். காட்டுக்குள் முள்வேலி கட்டிய பட்டியில் கிடந்து வளர்ந்த இனம். பாலுக்காக வளர்ப்பதைவிட உழவுக்கும் எருவுக்கும் வளர்ப்பவர்களே அதிகம்.

பட்டிக்காரர் ஒருவர் டீ வாங்கிக்கொடுத்தார், நாங்கள் வாங்கித்தர விடவில்லை. காட்டில் மாடு வழி தவறாதா என்று கேட்டதற்கு, கழுத்தில் மணி கட்டிய ஒரு பெருமாட்டைக் காட்டினார்.

"இவ போற தடத்துலதான் மத்தது போகும். எந்தப் பள்ளத்துல எப்ப தண்ணி வத்தும்னு இவளுக்குத் தெரியும். மழை பேஞ்ச பக்கம் காத்து வாசத்துலயே திரும்பிருவா. நான் பின்னால கம்பு எடுத்துட்டுப் போறது சும்மா பேருக்குங்."

அவருடைய கவலை வேறு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டில் கால்நடை மேய்க்கத் தடை போட்டது. பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. 2024-ல் இந்தப் பக்கத்துக் காடு தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆனது. காட்டுப் புல்லுக்குக் காட்டு விலங்கும் வாய் வைக்க வேண்டும், நோயும் தொற்றக் கூடாது, அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த மாட்டைக் கொட்டிலில் கட்டி, பத்து வருடம் கழித்து அவிழ்த்துவிட்டால் அது எங்கே போகும்?

இங்கிலாந்தில் ஏரி மாவட்ட மலைகளில் வேலியே இல்லாமல் மேயும் ஹெர்ட்விக் ஆடுகள் தங்கள் எல்லையைத் தாயிடமிருந்து கற்பவை. 2001-ல் கோமாரி பரவி, அதைத் தடுக்க மந்தை மந்தையாக ஆடுகளைக் கொன்றபோது, புது ஆடு வாங்கலாம், அந்தப் பழக்கத்தை எங்கே வாங்குவது என்றுதான் அங்கே கவலைப்பட்டார்கள். பட்டிக்காரரிடம் சொன்னேன். "அவங்களுக்கும் இதே ரோதனையா" என்று ரொம்ப நேரம் தலையாட்டினார்.

திரும்பும் பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதம். குளிரில் வெறும் சட்டையோடு நின்றோம். பேக்கரியில் சுடச்சுட இருந்தது முட்டை போண்டா மட்டும்தான்.

பிப்ரவரி 19, புதன் – காங்கேயம்

இங்கே வலசை எல்லாம் கிடையாது. கிளுவை வேலி கட்டிய கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், கொழுக்கட்டைப் புல், நடுவில் நிழலுக்கு வெள்வேல மரம். காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றில் புல் தீர்ந்ததும் அடுத்த படலைத் திறந்து விடுகிறார்கள். அதாவது மாடு புல்லைத் தேடிப் போகும் பயணத்தை நாலு ஏக்கருக்குள் மடக்கி வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் வந்தது வேறு ஒரு ஆசையில். 2008-ல் ஜெர்மனி, செக் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களில் 308 இடங்களில் 8,510 மாடுகளைப் பார்த்து, மேயும்போதும் படுத்திருக்கும்போதும் அவை பெரும்பாலும் வடக்கு தெற்காக நிற்கின்றன, பூமியின் காந்தப் புலத்தை உணர்கின்றன என்றார்கள். 2011-ல் இன்னொரு குழு அதே மாதிரிப் படங்களில் தேடி, அப்படி ஒன்றும் இல்லை என்றது. நம் மாட்டையும் கேட்டுவிடலாமே என்று என் போனில் திசைகாட்டியைத் திறந்து, ஒவ்வொரு மாட்டின் முதுகுக்கும் நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஒரு காரிக் காளை எங்களைப் பார்த்த பார்வை சரியில்லை. வேலி தாண்டிக் குதித்ததில் கிளுவை முள் காலைக் கிழித்தது.

தோட்டத்துக்கார ஐயா மோட்டார் ரூமிலிருந்து வந்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"வடக்கா? அதெல்லாம் தெரியாதுங். வெய்யலுக்கு முதுகக் காட்டும், காத்துக்கு மூஞ்சியத் திருப்பும். மத்தியானம் வாங்க, எல்லா மாடும் அந்த மரத்தப் பாத்துத்தான் நிக்கும்."

மேலே காற்றாலைக் கம்பி வேறு போகிறது. மின்கம்பிக்கு அடியில் இந்த வடக்கு தெற்குக் கணக்கு குலைந்துவிடும் என்றும் அதே ஆய்வாளர்கள் பிறகு எழுதினார்கள். ஆக எங்கள் கணக்கு எந்தப் பக்கமும் செல்லாது.

வேலியோரம் ஒரு மயிலைப் பசு மட்டும் தனியாக நின்றது. கண்ணபுரம் சந்தையில் வாங்கியதாம். விலையைக் கேட்டதற்கு மழுப்பிவிட்டார்.

"இவளுக்கு இன்னும் கெழக்குக் காட்டுப் படல் சரியாத் தெரியாதுங். படலத் திறந்தா மூலையில போய் நிப்பா. பழைய மாடு போனாத்தான் பொறகால போவா. கன்னு போட்டு அதுவும் கூட நடந்துச்சுன்னா அப்பறம் தொல்லை இல்லைங்."

மச்சினன் விடுவானா, வயோமிங் ஆட்டுக் கதையை முழுசாகச் சொன்னான். ஐயா மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"40 வருசமாச்சுங்களா? எல்லாமே புது ஆடா கொண்டுபோய் உட்டாங்களா?"

"ஆமாங்க."

"வழி தெரிஞ்சது ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லைங்க."

"அப்ப ஆகும்" என்றவர், மோரை எங்களிடம் கொடுத்துவிட்டு வாய்க்கால் மடை மாற்றப் போய்விட்டார்.